நண்டுக்கோட்டைக்குள் இறங்கிய கயிறு

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்பி, பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறவர்கள் இதைப் படிக்காமல் இருப்பதே நல்லது. இது நடந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆகஸ்ட் 22, 2023, செவ்வாய்க்கிழமை. கண் கூசுகிற வெயில். தலைக்கு மேலே ஒரு மேகம் கிடையாது.

நடந்தது அம்புரோஸுக்கு. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற படகில் வேலை. வயது நாற்பத்தொன்று. கதை கட்டுகிற ஆள் இல்லை. அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வாங்குவதே பெரும்பாடு. இதை முழுசாக ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை தன் இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்புரோஸ் தண்ணீருக்குள் இறங்குகிறவர் இல்லை. மேலே உட்கார்ந்து கயிறு பிடிக்கிறவர். இறங்குகிறவன் கித்தேரியான், அவருடைய தங்கச்சி அமலியின் புருஷன். கடலுக்கு அடியில் போகிறவனுக்குக் கயிறு பிடிக்கக் கண்டவனையும் வைக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். சொந்த அண்ணன் தம்பியாக இருந்தால்கூட சொத்து, பங்கு என்று மனசுக்குள் ஏதாவது கிடக்கும். ஆனால் தன் தங்கச்சி தாலியை அறுக்க எவனுக்கும் கை வராது. முத்து போய்விட்டது. வழக்கம் மட்டும் சங்குக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அமலிக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை நடந்து போய்விட்டு வந்த பிறகு தங்கிய பிள்ளை. அதனால் அந்த மாதங்களில் கயிறு பிடிக்கும்போது அம்புரோஸ் பீடிகூடப் பற்றவைப்பதில்லை. கித்தேரியானைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து தங்கச்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஆகஸ்டில் கச்சான் காற்று பேயாக அடிக்கும். படகு போகாது. சும்மா இருந்த நேரத்தில்தான் ஜெப்ஸி டீச்சர் தேடி வந்தார். நாசரேத்துக்காரர், கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். திருச்செந்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கடலைப் பார்த்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு இடிந்த கோட்டை இருக்கிறது. நண்டுக்கோட்டை என்பார்கள். மூன்று வருஷமாக அதைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கோட்டைத் தரைக்கு அடியில் ஒரு அறை, அதன் சுவரில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருப்பதாகக் கேள்வி. அதைப் படம் பிடிக்க வேண்டும். கடல் வருஷத்துக்கு ஒரு சுவரைத் தின்றுகொண்டிருந்ததால் தள்ளிப்போட முடியாது.

"கயிறு கட்டி இறங்கணும் அண்ணாச்சி. உங்களை மாதிரி மச்சான் மாப்ள ஜோடிதான் வேணும். அதான் வந்தேன்" என்றார்.

லோடு ஆட்டோவில் போனார்கள். ஓட்டியது செந்தூர்பாண்டி. வழியெல்லாம் டீச்சர் கோட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பறங்கிக்காரன் கட்டியது, நானூற்றைம்பது வருஷம் இருக்கும். முத்துக்குளிப்பு நடக்கிற மாதத்தில் கரையில் கூடுகிற ஆயிரக்கணக்கான ஆட்களைக் காவல் காக்க ஒரு சின்னக் கோட்டை. பவளப்பாறையை வெட்டி அடுக்கி, சுண்ணாம்பு பூசி எழுப்பினான். பிறகு டச்சுக்காரன் வந்து பிடித்தான், ஒரு சுவரை உயர்த்தினான். பிறகு வந்த வெள்ளைக்காரன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டான். அதற்குப் பிறகு உப்பளம் போட்டவர்கள் வரப்புக் கட்டக் கல் எடுத்துப் போனார்கள். மிச்சம் ஒரு கொத்தளம், நாலு மொட்டைச் சுவர், அடியில் அந்த அறை.

"அடியில அறை எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார் அம்புரோஸ்.

"தண்ணி சேத்து வைக்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ஆளை அடைச்சு வைக்கன்னு இன்னொருத்தர். முத்தை முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தா உள்ள போட்டுருவாங்களாம்."

"எத்தனை நாளு?"

"முத்து வயித்துலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும்."

கித்தேரியான் சிரித்தான். "முழுங்கவே இல்லாட்டி?"

"அது எங்கயும் எழுதலை" என்றார் டீச்சர்.

கோட்டைக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே, ஒரு உடைமரத்து நிழலில் செந்தூர்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டான். இதற்கு மேல் சக்கரம் மணலில் புதையும் என்றான். அம்புரோஸ் இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்தார். தரை சிமெண்டு போல இருந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். வர மனசில்லாதவனை இழுத்துக்கொண்டு போவானேன்.

மணி 11:40.

கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பல்லிடுக்கில் எல்லாம் மணல். பேச வாய் திறக்க முடியவில்லை. அப்படியே தலையைக் குனிந்துகொண்டு நடந்து, உடைந்த சுவரைத் தாண்டிக் கோட்டைக்குள் கால் வைத்தார்கள்.

காற்று நின்றுவிட்டது.

சுவர் இடுப்பு உயரம்கூட இல்லை. அது காற்றைத் தடுக்க முடியாது. வெளியே பனை ஓலைகள் பிய்ந்துபோகிற மாதிரி ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. டீச்சரின் துப்பட்டா அசையாமல் தொங்கியது. அம்புரோஸ் கீழே பார்த்தார். கரையெல்லாம் நண்டு வளை. நண்டுக்கோட்டை என்று பேர் வேறு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வளைகூட இல்லை.

கொத்தளத்தின் நடுவில் ஒரு பலகைக்கல் கிடந்தது. அதன் அடியில்தான் வாய். அம்புரோஸும் கித்தேரியானும் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார்கள். கல்லின் அடிப்பக்கம் மேலே வந்தது. அது முழுக்கக் கீறல். குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிசாக, நூற்றுக்கணக்கில்.

"இதுதான் நீங்க சொன்ன எழுத்தா டீச்சர்?"

"இல்ல" என்றார் டீச்சர். குனிந்து தொடப் போனவர் கையை எடுத்துக்கொண்டார்.

பழைய கிணறு, அடைத்துக் கிடந்த அறை என்றால் கெட்ட காற்று இருக்கும். அம்புரோஸ் விவரமான ஆள். முதலில் ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினார். கீழே தண்ணீர் பளபளத்தது. விளக்கு அணையவில்லை. ஆனால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் சாய்ந்தது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போல, அவ்வளவு சீராக.

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விளக்கு அணையவில்லை அல்லவா, அதை நம்பினார். இன்றைக்கும் அதை நினைத்தால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்வார்.

11:58. கித்தேரியான் மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினான். கடலில் அவர்களுக்குள் இருக்கிற கணக்குதான் இங்கேயும். ஒரு இழுப்பு இழுத்தால், நல்லா இருக்கேன். இரண்டு இழுப்பு இழுத்தால், தூக்கு.

ஐந்து பாகம், அதாவது முப்பது அடி, கயிறு போனது. "தரை வந்துட்டு" என்று குரல் வந்தது. "முழங்கால் தண்ணி மச்சான். பச்சைத் தண்ணியா இருக்கு... ஐஸ் மாதிரி."

"கல்லு இருக்கா?"

"பாக்கேன்... டார்ச்சு மங்குது. டீச்சர், வேற பேட்டரி இருக்கா?"

பேட்டரி ஆட்டோவில் இருந்தது. டீச்சர் எடுத்து வரப் போனார். அம்புரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 12:07. கோட்டைக்குள் அவர் மட்டும். குழியின் விளிம்பில், இரண்டு காலையும் கல்லில் முட்டுக் கொடுத்து, கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள."

பதில் இல்லை.

"ஏலே மாப்ள."

கயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கேன். அம்புரோஸுக்கு உயிர் வந்தது. சரி, வேலையாக இருக்கிறான். அவரும் ஒரு தடவை இழுத்துக் காட்டினார்.

12:12. ஒரு இழுப்பு.

12:13. ஒரு இழுப்பு.

பிறகு ஒன்று... உடனே இன்னொன்று... இன்னொன்று... எல்லாமே ஒற்றை இழுப்பு. ஆனால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்று பலமாக. ஒன்று தயங்கித் தயங்கி. ஒன்று வெறுமனே தடவிப் பார்ப்பது போல. கித்தேரியானின் கையை அம்புரோஸுக்குத் தெரியும். ஆறு வருஷமாகக் கயிற்றின் அந்தக் கடைசியில் இருக்கிற கை. அது எவ்வளவு வேகத்தில் இழுக்கும், எப்போது சோர்ந்திருக்கும், எல்லாம் அவர் உள்ளங்கைக்குத் தெரியும்.

இது ஒரு ஆளின் கை இல்லை.

கீழே பல பேர் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கிவிடலாமா? தூக்கச் சொல்லி இழுப்பு வரவில்லை. தப்பான நேரத்தில் தூக்கி, ஆள் கல்லில் மோதிவிட்டால்?

12:17.

முதுகுக்குப் பின்னால் சத்தம்.

சளக்...

ஈரக்கால் கல்லில் பதிகிற சத்தம்.

சளக்... சளக்...

"மச்சான்."

கித்தேரியானின் குரல். சந்தேகமே இல்லை. அதே கரகரப்பு.

"அங்கிட்டு ஒரு வழி இருக்கு மச்சான். ஏறி வந்துட்டேன். கயிறை விடு."

கயிறு கீழே இருக்கும் வரை பிடிக்கிறவன் திரும்பக் கூடாது. படகில் யார் கூப்பிட்டாலும், தீப்பிடித்தாலும் திரும்பக் கூடாது. பழகிய கழுத்து திரும்பவில்லை. அதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவரால் திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் இடது கால் பக்கமாகத் தண்ணீர் ஓடி வந்தது. பின்னால் நிற்கிறவன் உடம்பிலிருந்து சொட்டி, கல்லின் மேல் ஓடி, குழிக்குள் விழுந்தது. பாதத்தில் பட்டது. ஐஸ். கூடவே ஒரு நாற்றம். சிப்பி அழுகுகிற நாற்றம்.

அப்போது கயிற்றில் இழுப்பு வந்தது.

இரண்டு.

தூக்கு.

"விடு மச்சான்" என்றது பின்னால் இருந்த குரல்.

இரண்டு இழுப்பு.

"விடு."

இரண்டு இழுப்பு.

எது என் மாப்பிள்ளை? பின்னால் நிற்பதா, கயிற்றின் முனையில் இருப்பதா? பின்னால் நிற்பவன் கித்தேரியான் என்றால், நான் எதைத் தூக்கப் போகிறேன்? கீழே இருப்பவன் கித்தேரியான் என்றால்... நான் விட்டுவிட்டால்... அமலி...

கயிறுதான் நிஜம் என்று முடிவு செய்தார். இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

அந்தக் குரல் இன்னும் பக்கத்தில் வந்தது. காதுக்கு அருகில். இந்தத் தடவை கெஞ்சியது.

"பசிக்கு மச்சான்."

இங்கேதான் அம்புரோஸ் அந்தத் தப்பைச் செய்தார். கடலில் தினமும் கடைசி முங்கல் முடிந்து படகில் ஏறியதும் கித்தேரியான் இதைத்தான் சொல்வான். பசிக்கு மச்சான். அம்புரோஸும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வார். அதோடு அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆறு வருஷப் பழக்கம். மூளை தடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"வீட்டுக்குப் போ மாப்ள. அமலி சோறு வச்சிருப்பா."

காலடிச் சத்தம். விலகிப் போனது. சளக்... சளக்... சளக்... சுவரைத் தாண்டியது. நின்றது.

12:22.

அம்புரோஸ் இழுத்தார். கயிறு ஒரு ஆளின் கனம் இல்லை. நாலைந்து பேர் தொங்குகிற கனம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அந்தோணியாரே என்று அலறிக்கொண்டு இழுத்தார். மூன்றாவது பாகத்தில் கனம் சட்டென்று குறைந்தது, ஒவ்வொரு கையாக விட்டது போல. கித்தேரியானின் தலை வெளியே வந்தது.

கண் சொருகியிருந்தது. உதடு நீலம். வெளியே இழுத்துப் போட்டு, கன்னத்தில் அறைந்து, நெஞ்சை அமுக்கி, வாயோடு வாய் வைத்து ஊதி... ஒரு இருமல் வந்தது. தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. அம்புரோஸ் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

"ரெண்டு இழுப்பு இழுத்தியேலே. அதான் தூக்குனேன்" என்றார்.

கித்தேரியான் விழித்தான். "நான் எங்க இழுத்தேன்? பேட்டரி கேட்டேன்லா... அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல மச்சான்."

டீச்சரும் செந்தூர்பாண்டியும் ஓடி வந்தார்கள். பேட்டரியைத் தேடி வண்டியையே புரட்டிப் போட்டதில் நேரமாகிவிட்டதாம். செந்தூர்பாண்டி சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். கித்தேரியானைப் பார்த்த அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி... இவரு இப்பத்தான என்னைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போனாரு."

"யாரு?"

"இவருதான். நனைஞ்சு போய். கூப்பிட்டேன். திரும்பலை."

"நானும் பாத்தேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "உங்க மேல கோவமா போறாருன்னு நினைச்சேன்."

எங்கே போகச் சொன்னோம் என்பது அப்போதுதான் அம்புரோஸுக்கு உறைத்தது.

12:38. அமலியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

12:41. எடுக்கவில்லை. ஆட்டோ பறந்தது. திரேஸ்புரத்துக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர். கித்தேரியான் போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தான். அம்புரோஸ் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

12:46. எடுத்தாள்.

"அண்ணே, நீங்க எங்கன இருக்கிய? அவிய மட்டும் தனியா வந்திருக்காவ."

"எப்ப வந்தான்?"

"பன்னிரண்டு இருபத்தஞ்சு இருக்கும்."

மூன்று நிமிஷம். கோட்டையிலிருந்து திரேஸ்புரத்துக்கு மூன்று நிமிஷம்.

"என்ன செய்தான்?"

"சாப்பிடுதாவ. அதான் போன் எடுக்க முடியலை, போடப் போட காலியாவுது. ஒரு வார்த்தை பேச மாட்டேங்காவ. உடம்பு ஐஸா கெடக்கு. காய்ச்சலாண்ணே?"

"அமலி. வெளிய போ."

"ஏன்?"

"கேக்காத. போ."

"இந்த வெயில்லயா? என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?"

கித்தேரியான் போனைப் பிடுங்கினான். "ஏளா. நான்தான் பேசுதேன். மச்சான்கூட வண்டியில வாரேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

தட்டில் விரல் வழிக்கிற சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

அதுவும் நின்றது.

சளக்.

ஏதோ ஒரு ஆண் குரல். மெதுவாக. என்ன சொன்னது என்று புரியவில்லை.

போன் கட்டானது.

அந்தப் பதினைந்து நிமிஷத்தை அம்புரோஸ் விவரிக்கவே மாட்டார். என் வாயால் அனுப்பினேன், என் வாயால் அனுப்பினேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

1:03. தெருவில் நுழைந்தார்கள். அமலி எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல். உயிரோடு இருந்தாள். கித்தேரியான் வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். அவன் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகுதான் கிட்டே வரவிட்டாள்.

வீட்டுக்குள் யாரும் இல்லை. சோற்றுப் பானை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. மீன்குழம்புச் சட்டியில் ஒரு சொட்டு இல்லை. தட்டு இருந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. அங்கிருந்து எந்தப் பக்கமும் ஈரக்கால் தடம் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வடிந்து போனது போலத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்கள். சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். குழியின் கல்லை டீச்சர் ஆள் வைத்துத் திரும்ப மூடச் சொன்னார். கேமரா உள்ளேயே போய்விட்டது. அவ்வளவோடு முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பத்தானே வேண்டும்.

செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் போன் செய்தார். குரல் சரியில்லை. அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதிய கடிதத்தின் நகல் அவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்ததாம்.

"அந்த அறையில ஒரு வருஷம் பதினாலு பேரை அடைச்சிருக்காங்க அண்ணாச்சி. முத்துக்குளிக்கிறவங்க. தினமும் ஆமணக்கெண்ணெய் மட்டும் குடுத்திருக்காங்க. சோறு கிடையாது. முத்து வரலை. அவங்க முழுங்கவே இல்ல போல."

அம்புரோஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கோட்டைத் தலைவன் ஒரு உத்தரவு போட்டிருக்கான். நானே வந்து வீட்டுக்குப் போன்னு சொன்னாத்தான் எவனையும் மேல ஏத்தணும்னு. அவனுக்குக் காய்ச்சல் வந்து கொச்சிக்குக் கப்பல்ல ஏத்திட்டாங்க. சிப்பாய்களுக்கு அவன் சொல்லாம திறந்துவிடப் பயம். பத்தொன்பதாம் நாள் புயல் வந்து கடல் உள்ள புகுந்திருக்கு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி. வீட்டுக்குப் போன்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலை."

அம்புரோஸ் நேராக அமலி வீட்டுக்குப் போனார். கித்தேரியான் வலை வாங்கப் போயிருந்தான். அமலி அடுப்படியில் நின்றிருந்தாள். மாசமான பெண்ணிடம் சொல்லலாமா என்று யோசித்தார். ஆனால் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்க அவரால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

அமலி அலறவில்லை. அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பதினாலு பேராண்ணே?"

"ஆமா."

"அப்ப சரிதான்."

"என்னளா சரி?"

"அன்னைக்குப் போன் பேசும்போது அது எந்திரிச்சு நின்னு ஒண்ணு சொல்லிச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னும் பதிமூணு பேரு வாராங்க, உலை வைன்னுச்சு."

அம்புரோஸ் அப்போதுதான் அடுப்பைப் பார்த்தார். பெரிய பானை. கோயில் அசனத்தில் ஊருக்கே சோறு பொங்க எடுக்கிற அளவு. விளிம்பு வரை சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"இது யாருக்கு அமலி?"

"தினமும் வைக்கேன். வைக்காம இருக்கப் பயமா இருக்குண்ணே. வச்சிட்டு எதிர்வீட்டுக்குப் போயிருவேன். ஒரு மணிக்குத்தான் வருவேன்."

"மிச்சத்தை என்ன பண்ணுத?"

அமலி தீயைக் குறைத்தாள். பானையை இறக்கி, தரையில் வைத்தாள். கதவைப் பார்த்தாள். மணி 12:19.

"மிச்சம்னு ஒரு பருக்கை இருந்ததில்லண்ணே" என்றாள். "வாங்க, போயிருவோம்."